மரக்கறிச் சாப்பாட்டோடு ஒரு டிசம்பர் மான் வேட்டை

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களிடம் மான் வேட்டை என்று வாயெடுத்தால் இரண்டு கேள்விகள் வரும். "துவக்குக்கு லைசென்ஸ் இருக்கோ?" என்பது முதலாவது. "இறைச்சியில ஒரு பங்கு வருமோ?" என்பது இரண்டாவது. ஊரே ஹீற்றரைக் கூட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் முடங்கும் டிசம்பரில் ஏன் போகிறாய் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு "நாங்களும் ஒருமுறை போகலாமா" என்று எழுதிக் கேட்ட சிலருக்காக, 1996 டிசம்பர் முதல் வாரத்தில் போய்வந்த பயணத்தை எழுதுகிறேன். விலைகளும் விதிகளும் அந்தக் காலத்தவை. பெருமை மட்டும் இன்னும் பழசாகவில்லை. அது அங்கங்கே தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ஸ்காபரோவில் ஒரு உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அங்கே இயந்திரம் திருத்துகிறவர் டக். விட்பியில் வீடு, ஐம்பது வயது, அதிகம் பேசமாட்டார். அவருக்கும் அவருடைய மைத்துனர் ஏர்லுக்கும் ஃப்ளெஷர்டனுக்கு அப்பால் காட்டோரமாக ஒரு மரவீடு இருந்தது. வேட்டைக்காலத்தில் மட்டும் தங்குகிற இடம். நான்கு கட்டில்கள் (அதில் ஒன்று வந்துபோகிறவர்களுக்கு), ஒரு விறகு அடுப்பு, வெளியே கக்கூஸ். அவர்களோடு வேட்டையாடிய பழைய கூட்டாளி ஒருவர் புளோரிடாவுக்குக் குடிபோனதில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. இரண்டு நவம்பர்கள் நான் விருந்தாளியாகப் போய் அதில் படுத்திருந்தேன். ஒரு மானையும் சுடவில்லை. மூன்றாவது முறை வரும்போது அந்தக் கட்டில் நிரந்தரமாக எனக்கா, இல்லையா என்று இருவரும் சேர்ந்து முடிவு சொல்வார்கள். அதுதான் அந்த முகாமின் வழக்கம்.

ஒரு கட்டிலுக்கு இவ்வளவு ஆலாபனையா என்று நீங்கள் கேட்கலாம். கனடாவுக்கு வந்து எட்டு வருடமாக எனக்குக் கிடைத்ததெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கிடைத்தவை. அகதிக் கோரிக்கை, வேலை, வீடு, எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் இருந்தது. "இவன் எங்களுடைய ஆள்" என்று யாராவது தாங்களாகச் சொல்லிக் கிடைத்தது ஒன்றுமில்லை. அந்தக் கட்டில் எனக்கு வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன். டக் எப்படியும் ஓம் சொல்வார். ஏர்ல்தான் சந்தேகம். பால்மாடு வளர்க்கும் விவசாயி, அறுபதை நெருங்கியவர், என்னைப் பார்க்கும்போதெல்லாம் விலை படியாத மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

(டக்கும் ஏர்லும் பேசியது ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடத்தில் அந்தப் பேச்சு என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.)

அந்த வருடம் நவம்பரில் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. ஆகஸ்டிலேயே டிசம்பர் வாரத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அப்போது நான் பார்த்தது ஆங்கிலக் கலண்டரை மட்டும். தமிழ்க் கலண்டரைப் பார்க்கவில்லை. நம்மவர்களில் சைவக்காரருக்கு இதற்குள் விளங்கியிருக்கும். கார்த்திகைப் பூரணை முடிந்தால் பிள்ளையார் கதை. இருபத்தொரு நாள் விரதம். என் வேட்டை வாரம் சரியாக அதன் நடுவில் விழுந்தது.

மற்ற வருடங்களில் விரதம் மனைவி ரஞ்சியின் பாடு. நான் வெளியே இறைச்சிக் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு நல்லபிள்ளையாக வீட்டுக்கு வருவேன். அந்த வருடம் அப்படி முடியவில்லை. முந்தின வருடச் சண்டையில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் இடம்பெயர்ந்ததில் அவளுடைய அப்பா அம்மா எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. கடிதம் இல்லை. வன்னியில் இருந்து வந்த யாரைக் கேட்டாலும் கண்டதாகச் சொல்லவில்லை. "இந்த முறை ரெண்டுபேரும் சேர்ந்து பிடிப்பம்" என்று அவள் கேட்டபோது நான் மறுக்கவில்லை. அவள் ஒருநேரச் சாப்பாடு. எனக்கு மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், மட்டும் விலக்கு. பிள்ளையார் கதை தொடங்கிய அன்று றிச்மண்ட் ஹில் கோயிலில் இருந்து திரும்பும்போது காருக்குள் வைத்து லீவு விஷயத்தைச் சொன்னேன்.

"விரதத்தோட வேட்டைக்குப் போறதோ? ஆரும் கேட்டால் சிரிப்பினம்."

"நீர் வேண்டாமெண்டால் நான் போகேல்லை."

"போங்கோ. ரெண்டு வருசமும் சும்மாதானே வந்தனீங்கள். இந்த முறையும் ஒண்டும் விழப்போறேல்லை. ஆனால் மச்சம் வாயில வைக்கப்படாது. அம்மாவையளை நினைச்சுக்கொள்ளுங்கோ."

என் குறி மீது அவளுக்கு இருந்த நம்பிக்கையால்தான் அனுமதி கிடைத்தது. பத்தியம்போல் ஒரு பெட்டி கட்டித் தந்தாள். புட்டு, மாசிக் கருவாடு போடாத சம்பல், பருப்பு, சோயாமீற் பிரட்டல், ஒரு போத்தல் கறித்தூள்.

டிசம்பர் முதலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை 9.30க்கு மோர்னிங்சைட்டில் இருந்து புறப்பட்டோம். வானை ஓட்டியவர் மரியதாஸ் அண்ணை. மன்னார்க்காரர், கத்தோலிக்கர், பேக்கரியில் இருந்து கடைகளுக்குப் பாண் விநியோகிக்கும் வேலை. வேட்டை வகுப்புக்கு நானும் அவரும் ஒன்றாகப் போய் ஒன்றாகப் பாஸ் பண்ணியவர்கள். அவருக்குக் கட்டில் ஆசையெல்லாம் இல்லை. "ஒருக்காப் பாத்துட்டு வருவம், பிறகு பேரப்பிள்ளையளுக்குச் சொல்லலாம்" என்பதுதான் அவர் கொள்கை. பேரப்பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை.

வழி சுலபம். 401இல் மேற்கே, 410இல் வடக்கே, பிறகு பத்தாம் நெடுஞ்சாலை. மொத்தம் 155 கிலோமீற்றர். பெற்றோல் போய்வர இருபத்தெட்டு டொலர் முடிந்தது. ஓரஞ்ச்வில் வரைக்கும் தார் தெரிந்தது. ஷெல்பர்ன் தாண்டியதும் ஏரிப்பக்கமிருந்து பனி குறுக்கே அடிக்கத் தொடங்கியது. மரியதாஸ் அண்ணை மணிக்கு முப்பதில் உருட்டினார். கோடைகாலத்தில் இரண்டு மணித்தியாலத்தில் முடிகிற பயணம் அன்று மூன்று மணி நாற்பது நிமிடம் எடுத்தது. டிசம்பரில் போகிறவர்கள் பகலிலேயே போய்ச் சேருங்கள். கடைசி நான்கு கிலோமீற்றர் மண்பாதை, விளக்குக் கம்பம் கிடையாது.

டக் முதல்நாளே வந்து அடுப்பு மூட்டி வைத்திருந்தார். என் துவக்கும் அவரோடுதான் வந்தது. அது அவருடைய வீட்டு இரும்பு அலுமாரியில்தான் வருடம் முழுக்க இருக்கும். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்களின் வீட்டில் துவக்கு வைக்கக்கூடாது என்பது ரஞ்சியின் சட்டம். அதில் எனக்கும் மறுப்பில்லை.

திங்கள் காலை மைனஸ் பதினொன்று. வெளிச்சம் வருமுன் காலடியில் பனி நொறுங்க நடந்துபோய் ஒரு மரத்தடியில் இருந்தேன். டிசம்பரின் அருமையை இங்கே சொல்லவேண்டும். நவம்பர்க் காட்டில் இலைச் சருகு. நீங்கள் அசைந்தால் காடே திரும்பிப் பார்க்கும். இலை பாதி தொங்கிக்கொண்டு கண்ணை மறைக்கும். பனி விழுந்த காட்டில் இருநூறு மீற்றருக்கு அப்பால் ஒரு அணில் மரம் மாறுவது தெரியும். சத்தம் எல்லாவற்றையும் பனி குடித்துவிடும். உங்கள் மூச்சுச் சத்தம் உங்களுக்கே பெரிதாகக் கேட்கும். அதைவிடப் பெரிய விஷயம் தடம். இரவு மான் எங்கே படுத்தது, எங்கே கொப்புக் கடித்தது, எத்தனை மணிக்கு எழும்பிப் போனது, எல்லாம் கீழே எழுதிக் கிடக்கும். படுத்த இடத்தில் பனி உருகி ஒரு பாய் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். கையுறையைக் கழற்றி அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தேன். உறைந்து போயிருந்தது. போய் நேரமாகிவிட்டது என்று அர்த்தம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தேன் என்பதில் அன்றைக்கே கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

சாப்பாட்டு நேரம்தான் கஷ்டம். ஏர்ல் பெரிய சட்டியில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு நாள்முழுக்கக் கொதிக்கவிடுவார். காலையில் பன்றி வாட்டுகிற வாசம். நான் மூலையில் இருந்து புட்டையும் பருப்பையும் குழைத்துச் சாப்பிட்டேன். விரதத்தைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னை விநோதப் பிறவியாக நினைத்து, கட்டில் கைநழுவிப் போய்விடுமோ என்று பயம். வயிறு சரியில்லை என்று புளுகினேன். முதல்நாள் நம்பினார்கள். மூன்றாம் நாளும் சரியில்லை என்றபோது ஏர்ல் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வயித்துக்கு ஏலாதவன் எப்பிடி உந்தச் சிவத்தச் சாமானை அள்ளி அள்ளித் தின்னுறான்?" சம்பலைத்தான் சொன்னார். "இறைச்சி சாப்பிடாதவன் வேட்டைக்கு என்னத்துக்கு வாறான்?"

மரியதாஸ் அண்ணை மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். வெளியே விறகெடுக்கப் போனபோது, "உள்ளதைச் சொல்லன் பாலா. களவெடுத்தவன் மாதிரி ஏன் முழிக்கிறாய்?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

புதன் இரவு புதுப்பனி ஒரு முழத்துக்கு விழுந்தது. வியாழன் காலை 7.15க்கு நான் தனியாகச் சீடர் என்கிற ஊசியிலை மரங்கள் அடர்ந்த சதுப்புப் பக்கம் போனேன். திங்களிலிருந்து பார்த்த தடங்கள் எல்லாம் கடைசியில் அங்கேதான் போய் முடிந்தன. ஆழப்பனியில் மான்கள் சீடர் மரத்துக்குக் கீழேதான் ஒதுங்கும். காற்று எனக்கு எதிராக அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். (ஒரு அனுபவ ஆலோசனை: வேட்டை ஜாக்கெட்டைச் சமையலறைக்குப் பக்கத்து அலுமாரியில் தொங்கவிடாதீர்கள். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் வறுத்தால் ஏழாம் மாடியில் இருந்து கீழே பார்க்கிங் வரைக்கும் மணக்கும். முதல் வருடம் என் ஜாக்கெட்டின் கறிவாசத்துக்கு மான் மட்டுமல்ல, டக்கே தூரப்போய் நின்றார். மூன்றாம் வருடம் ஜாக்கெட்டை இரண்டு கிழமை பல்கனியில் போட்டிருந்தேன்.)

8.25க்கு அது வந்தது. முதலில் மூக்கிலிருந்து வந்த ஆவிதான் தெரிந்தது. பிறகு கழுத்து, பிறகு கொம்பு. என்னிடம் இருந்தது கொம்புள்ள ஆண் மானுக்கான அனுமதிச் சீட்டு மட்டும். பெண் மானுக்குக் குலுக்கலில் எனக்கு விழவில்லை. ஆகவே கொம்பை இரண்டு தடவை பார்த்து உறுதிசெய்தேன். ஆறு கிளை. அறுபது மீற்றர் இருக்கும். பக்கவாட்டில் நின்றது. துவக்கைத் தூக்கினேன். சுட்டேன். மான் ஒரு முறை துள்ளி, சீடர் மரங்களுக்குள் பாய்ந்து மறைந்தது.

சத்தம் கேட்டு ஏர்ல் வந்துசேரப் பத்து நிமிடம். அதே நேரம் மறுபடியும் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. மான் நின்ற இடத்தை அவர் குனிந்து பார்த்தார். ஒரு துளி இரத்தம் இல்லை.

"தவறிப்போச்சு" என்றார். குரலில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நானும் முழங்காலில் இருந்து பார்த்தேன். புதுப்பனியின் மேல் நாலைந்து மயிர். கரடுமுரடான பழுப்பு மயிர், வெட்டுப்பட்ட நுனி. "பட்டிருக்கு" என்றேன். வழமையாக அரைமணி நேரம் பொறுத்துத்தான் பின்தொடர வேண்டும். அடிபட்ட மானைத் துரத்தினால் மைல் கணக்கில் ஓடும். ஆனால் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அரைமணியில் தடம் மூடிவிடும். காயம்பட்ட ஒரு உயிரைக் காட்டுக்குள் தொலைத்துவிட்டு வர முடியாது. கட்டில் அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை. விரதத்தோடு வந்து ஒரு உயிரை வீணாக்கினேன் என்று ரஞ்சியிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

"நான் போறன்" என்றேன். ஏர்ல் தோளைக் குலுக்கிவிட்டுக் கூடவே வந்தார்.

சீடர் மரங்களுக்குள் மூன்று மான்களின் தடம் குழம்பிக் கிடந்தது. அதில் ஒன்று குளம்பை அகலமாக விரித்து, பனியைச் சிதறடித்து ஓடியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். நூறு மீற்றர், இருநூறு, ஒன்றுமில்லை. தடத்தின் ஓரங்கள் மழுங்கிக்கொண்டே வந்தன. ஒரு விழுந்த மரத்தைத் தாண்டும் இடத்தில் மற்றவை தாவியிருந்தன, இது சுற்றிப் போயிருந்தது. தாவ முடியாத மான். அங்கே மரப்பட்டையில் ஊசித்தலை அளவுக்கு ஒரு சிவப்பு. ஏர்லைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் கண்டார். அதுவரைக்கும் என் பக்கத்தில் நடந்தவர் பிறகு எனக்குப் பின்னால் நடந்தார். மானின் தடத்தைக் குழப்பக்கூடாது என்று.

அங்கிருந்து இன்னும் நூற்றைம்பது மீற்றரில், ஒரு பள்ளத்துக்குள், கால் மடித்துப் படுத்ததுபோல் கிடந்தது. உயிர் போயிருந்தது. மேலே மெல்லிசாகப் பனி மூடத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பக்கத்தால் நடந்து போயிருப்போம்.

தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றேன். பெருமையாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு துவக்கு வெடித்த இடத்தில் நான் ஓடாமல் நின்றேன். நான் சுட்டேன், நானே தேடிக் கண்டுபிடித்தேன். கவலையும் கூடவே வந்தது. அதையும் மறைக்கவில்லை. ஏர்ல் கையுறையைக் கழற்றிக் கை தந்தார். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் கைகுலுக்கல்.

சீட்டில் நாளையும் நேரத்தையும் வெட்டிக் குறித்துக் கொம்பில் கட்டினோம். குடலை அங்கேயே எடுத்தோம். டிசம்பரின் இன்னொரு அருமை இது. ஈ இல்லை, நாற்றம் இல்லை, இறைச்சி பழுதாகும் என்ற அவசரம் இல்லை. காடே குளிர்சாதனப்பெட்டி. கயிறு கட்டி இழுத்தால் பனியில் சறுக்கிக்கொண்டு வரும். மரவீடு வரைக்கும் ஒன்றரைக் கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம். கயிற்றின் ஒரு பக்கத்தை ஏர்ல் பிடித்தார்.

மத்தியானம் டக்கோடு பெற்றோல் ஸ்ரேசனுக்குப் போய்ப் பொதுத்தொலைபேசியில் ரஞ்சியைக் கூப்பிட்டேன்.

"உண்மையாவே விழுந்ததோ?" என்றாள். பிறகு அடுத்த கேள்வி. "சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை."

"சரி. கவனமா வாங்கோ."

(அவளுடைய பெற்றோரைப் பற்றிக் கேட்கப்போகிறவர்களுக்கு: அடுத்த பங்குனியில் கடிதம் வந்தது. வன்னியில் இருந்தார்கள், இருவரும் உயிரோடு.)

இனி அந்த மாலையைப் பற்றி. முகாமில் இன்னொரு வழக்கம் உண்டு. மான் சுட்டவர் அன்று மாலையே, முதுகெலும்புக்கு உள்பக்கம் இருக்கும் மிருதுவான இறைச்சியைத் தன் கையால் சமைக்கவேண்டும். முதல் துண்டை அவர்தான் சாப்பிடவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் முள்ளுக்கரண்டியைத் தொடுவார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கடைசி நிமிடம்வரை ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது என் குணம், வேறொன்றுமில்லை.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. வார்ப்பிரும்புத் தாச்சியில் வெங்காயம், உள்ளி, இஞ்சி வதக்கி, ரஞ்சி தந்த கறித்தூளைப் போட்டு, இறைச்சியைச் சிறு துண்டுகளாகப் பிரட்டினேன். வீட்டில் நான் சமைத்தால் உள்ளங்கையில் ஒரு சொட்டை விட்டு நக்கிப் பார்த்துத்தான் இறக்குவேன். அன்று அது முடியாது. வாசத்தையும் நிறத்தையும் நம்பி, மிளகைத் தூவி, ஒரு தேசிக்காயைப் பிழிந்து இறக்கினேன். மரவீடு முழுக்க மணந்தது. டக் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார்.

மேசையில் வைத்ததும் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். ஏர்ல் ஒரு துண்டைக் குத்தி என் பக்கம் நீட்டினார்.

என்னால் முடியவில்லை. புளுகவும் முடியவில்லை. நின்றபடியே சொன்னேன். வயிற்றுவலி பொய் என்று சொன்னேன். விரதம் என்றால் என்ன, எத்தனை நாள், யாருக்காக, பதின்மூன்று மாதமாகக் கடிதம் இல்லை, எல்லாவற்றையும் சொன்னேன். மரியதாஸ் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏர்ல் கரண்டியை உடனே கீழே வைக்கவில்லை. "உது எப்ப முடியுது?"

"இன்னும் பத்து, பதினொரு நாள்."

அவர் எழும்பி ஈயத்தாளை எடுத்து அந்தத் துண்டைச் சுற்றினார். கதவைத் திறந்துபோய் வடக்குச் சுவரோடு இருந்த தகரப் பெட்டிக்குள் வைத்து, மேலே பனியை அள்ளிப் போட்டுவிட்டு வந்தார். "சுட்டவர் சாப்பிடாமல் வேட்டை முடியாது. அப்ப இந்த வேட்டை இன்னும் முடியேல்லை. கட்டில் கதையையும் அதுக்குப் பிறகு பாப்பம்."

பிறகு மூன்று பேரும் சாப்பிட்டார்கள். நான் அகப்பையோடு நின்று பார்த்தேன். ஏர்ல் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். டக் பாணால் சாப்பாட்டுக் கோப்பையை வழித்துத் துடைத்தார். "எப்பிடி?" என்று கேட்டேன். "நல்லாயிருக்கு" என்றார் டக். மரியதாஸ் அண்ணையும் கோப்பையைப் பார்த்தபடி "நல்லாயிருக்கு" என்றார். நான் ருசிபார்க்காமல் சமைத்து இரண்டு வெள்ளைக்காரரையும் ஒரு மன்னார்க்காரரையும் வாயடைக்க வைத்தேன் என்று அடுத்த இரண்டு வாரமும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். பங்கு இறைச்சி டக்கின் குளிர்ப்பெட்டியில் தங்கியது. விரத வீட்டுக்குள் அதைக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை.

முடிவைச் சொல்வதற்கு முன், போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வேட்டை வகுப்பும் துவக்கு அனுமதியும் இல்லாமல் ஆசைப்படாதீர்கள். இரண்டுக்கும் மாதக்கணக்கில் எடுக்கும், வசந்தகாலத்திலேயே தொடங்குங்கள். எந்தப் பகுதியில் எந்த வாரம், எந்த ஆயுதம், என்ன சீட்டு என்று வருடா வருடம் மாறும். அரசின் கையேட்டைப் பாருங்கள், என்னைப் பார்க்காதீர்கள். தனியார் காணி என்றால் சொந்தக்காரரிடம் நேரில் போய்க் கேளுங்கள். செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும் கட்டாயம். சப்பாத்து ஒரு அளவு பெரிதாக வாங்கி இரண்டு கம்பளிக் காலுறை போடுங்கள். வியர்க்க நடக்காதீர்கள், வியர்வைதான் பிறகு உறையும். எனக்கு அந்த வாரம் முழுவதற்கும் தங்குமிடம், சாப்பாட்டுப் பங்கு, சீட்டு, தோட்டா எல்லாம் சேர்த்து நூற்றி நாற்பது டொலர் முடிந்தது. சாப்பாட்டுப் பங்கை நான் சாப்பிடவில்லை என்பது வேறு. தமிழ்க் கலண்டரையும் ஒருக்கால் புரட்டிப் பார்த்துவிட்டு லீவு எழுதிக் கொடுங்கள்.

டிசம்பர் 21, சனிக்கிழமை. விரதம் முடிந்து ஐந்து நாளாகிவிட்டது. ஒரு துண்டு இறைச்சி சாப்பிடுவதற்காக 155 கிலோமீற்றர் போனோம். மரியதாஸ் அண்ணைதான் ஓட்டினார். ரஞ்சியும் வந்தாள். "உங்களைச் சாப்பிடவிடாமல் பண்ணினது நான். நானும் வந்து பாக்கிறன்" என்றாள். டக்கும் ஏர்லும் அடுப்பு மூட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். ஏர்ல் பனியைத் தோண்டி ஈயத்தாள் பொட்டலத்தை எடுத்துவந்து, தாச்சியில் சூடாக்கி, என் முன்னால் ஒரு கோப்பையில் வைத்தார். கல்யாணப் பந்தியில்கூட நான் இப்படி எல்லோரும் என் வாயையே பார்க்கச் சாப்பிட்டதில்லை.

துண்டை இரண்டாக வெட்டிப் பாதியை ரஞ்சிக்குக் கொடுத்தேன். அவள் முதலில் வாயில் வைத்துவிட்டாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மெதுவாக, "உப்புப் போடேல்லையே?"

நான் என் துண்டை வாயில் போட்டேன். உப்புக் காணாது என்பதல்ல. ஒரு கல் உப்பும் இல்லை. கறித்தூளும் தேசிக்காய்ப் புளியும் வெறும் இறைச்சியும். கடைசியில் ருசி பார்த்துப் போடுகிற உப்பு. ருசி பார்க்கவில்லை, போடவும் இல்லை. அன்று மாலை அகப்பையும் கையுமாக நான் நின்ற நிலை நினைவுக்கு வந்து முகம் சுட்டது.

"அண்ணை, நீங்களாவது சொல்லியிருக்கலாமே!"

"எப்பிடியடா சொல்லுறது?" என்றார் மரியதாஸ் அண்ணை. "நீ நிண்ட நிலையை நீ பாக்கேல்லை. கவர்னர் மாதிரி நிண்டாய்."

"என்னவாம்?" என்று ஏர்ல் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். டக் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. ஏர்ல் சிரிக்கவில்லை.

"முதல் வாயிலேயே எங்களுக்குத் தெரியும்" என்றார். "தான் சாப்பிடேலாததை ஒருத்தன் எங்களுக்காகச் சமைச்சு வைக்கிறான். அவன்ரை முன்னாலை உப்புப் போத்திலைத் தேடுறது மரியாதையோ? டக்கைப் பாத்தன். டக்கும் என்னைப் பாத்தான். பேசாமல் சாப்பிட்டம். வேறை ஆள் எண்டால் தாச்சியோடை வெளியிலை எறிஞ்சிருப்பன்."

"அப்ப கட்டில்?" என்றேன்.

"நான் ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டது என்னத்துக்கெண்டு நினைக்கிறீர்?"

ரஞ்சி என் கையைச் சுரண்டினாள். "என்ன சொல்லுறார்?"

"கட்டில் எனக்குத்தானாம்" என்றேன்.